பி செல் லிம்போமாவை உயிரோடு வைத்திருக்கும் சிக்னல்

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு மேன்டில் செல் லிம்போமா, பி செல் என்ற நோய் எதிர்ப்புச் செல்லில் வரும் ஒரு வகைப் புற்றுநோய். கீமோ முடிந்து நன்றாக இருந்தவருக்கு நோய் திரும்பி வந்துவிட்டது. இப்போது டாக்டர் தினமும் விழுங்க ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார். "இது கீமோ இல்லை, செல்லுக்குள் போகும் சிக்னலை நிறுத்தும் மருந்து" என்றாராம். சில வாரங்களில் கழுத்துக் கட்டி நன்றாகச் சுருங்கிவிட்டது, ஆனால் ரத்தப் பரிசோதனையில் லிம்போசைட் எண்ணிக்கை ஏறியிருக்கிறது. காத்திருப்பு அறையில் பேசிய இன்னொருவருக்கும் லிம்போமாதான். அவருக்கு இந்த மாத்திரை உதவாது என்று சொல்லிவிட்டார்களாம். இது என்ன சிக்னல், அதை நிறுத்தினால் புற்றுநோய் செல் ஏன் சாக வேண்டும், ஒருவருக்குப் பலிப்பது இன்னொருவருக்கு ஏன் பலிக்காது என்பதுதான் கேள்வி.

நான் பினாங்கில் நோய் எதிர்ப்புச் செல்களை ஆராயும் கூடத்தில் பல வருடம் வேலை செய்தவன். மருத்துவர் இல்லை. அப்பாவின் சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் அவருடைய டாக்டர்தான். செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியும்.

பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கட்டி சுருங்கும்போதே ரத்தத்தில் லிம்போசைட் ஏறுவது இந்த வகை மாத்திரையில் நன்றாகத் தெரிந்த விஷயம். 2013-ல் வெளியான மேன்டில் செல் ஆய்வில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இப்படி ஆனது. கட்டி சுருங்கி, உடம்பும் தெம்பாக இருந்தால், பெரும்பாலும் மருந்து வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். ஏன் அப்படி என்று சொல்வதற்குக் கொஞ்சம் அடியிலிருந்து வர வேண்டும்.

பி செல் என்பது லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களில் ஒரு வகை. பி செல்கள் எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன. ஒவ்வொன்றும் பிறக்கும்போதே தனக்கென ஓர் ஏற்பியை, அதாவது வெளியே இருப்பதைப் பிடித்து உள்ளே செய்தி அனுப்பும் புரதத்தை, தயாரித்துக்கொள்கிறது. மரபணுத் துண்டுகளை வெட்டி, வேறு வரிசையில் ஒட்டி, அதிலிருந்து ஓர் ஆன்டிபாடியைச் செய்து, அதை வெளிச்சவ்வில் நட்டு வைத்துக்கொள்கிறது. அதுதான் பி செல் ஏற்பி. பக்கத்துச் செல்லின் ஏற்பியும் இதனுடையதும் ஒன்றாக இருக்காது. எந்தக் கிருமி வந்தாலும் அதைப் பிடிக்கும் ஏற்பி எங்கோ ஒரு செல்லிடம் இருக்கும் என்ற கணக்கில்தான் உடம்பு இவ்வளவு விதவிதமாகச் செய்து வைக்கிறது.

இந்த வெட்டி ஒட்டும் வேலை பல தடவை தப்பாகப் போகும். ஏற்பி சரியாக அமையாத செல்லை உடம்பு வைத்துக்கொள்வதில்லை. அது தானாகச் செத்துப்போகும். அமைந்த பிறகும் விஷயம் முடிவதில்லை. 1997-ல் ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் கிளாவுஸ் ராயேவ்ஸ்கியின் குழு ஒரு சோதனை செய்தது. வளர்ந்த எலிகளில், முதிர்ந்த பி செல்களிலிருந்து ஏற்பியை மட்டும் நீக்கினார்கள். கிருமி இல்லை, தொற்று இல்லை, செல் சும்மா இருக்கிறது. இருந்தும் ஏற்பி போனதும் அந்தச் செல்கள் மறைந்துவிட்டன. கிருமியைப் பிடிக்காத நேரத்திலும் அந்த ஏற்பி மெலிதாக ஒரு சிக்னலை உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அது வரும்வரைதான் செல் உயிரோடு இருக்கும்.

நான் சொல்ல வருவதற்கு இதுதான் அடிப்படை. லிம்போமா என்பது இந்த விதியை மீறிய செல் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலான பி செல் லிம்போமாக்களில் அது உண்மை இல்லை. செல் புற்றுநோயாக மாறிவிட்டது, கட்டுப்பாடில்லாமல் பெருகுகிறது. ஆனாலும் ஏற்பியிலிருந்து வரும் சிக்னல் இல்லாமல் அதனால் வாழ முடியவில்லை. விதியை உடைக்காமல் அதைத் தனக்குச் சாதகமாக வளைத்துக்கொண்ட செல் அது. எப்படி வளைத்தது, எந்த இடத்தில் வளைத்தது என்பது நோய்க்கு நோய் வேறு. எந்த மருந்து பலிக்கும் என்பது அந்த இடத்தைப் பொறுத்தது.

சிக்னல் போகும் பாதையைப் பார்ப்போம். பெயர்கள் வரிசையாக வரும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், வரிசை மட்டும் மனத்தில் இருந்தால் போதும்.

ஏற்பியின் வால் மிகச் சின்னது, அதனால் தானாக உள்ளே செய்தி சொல்ல முடியாது. அதற்காகப் பக்கத்திலேயே சிடி79ஏ, சிடி79பி என்ற இரண்டு புரதங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஏற்பி எதையாவது பிடித்ததும், லின் என்ற நொதி அந்த இரண்டின் வால்களில் பாஸ்பேட் வைக்கிறது. பாஸ்பேட் விழுந்த இடத்தில் சிக் என்ற அடுத்த நொதி வந்து உட்கார்கிறது. அது பி.டி.கே. என்ற நொதியைத் தூண்டும். இந்த வகை மாத்திரை தடுப்பது இந்தப் பி.டி.கே.-வைத்தான். பி.டி.கே. பி.எல்.சி. காமா 2-ஐத் தூண்டும். அதன் பிறகு கால்சியம் ஏறும், இன்னொரு கிளை கார்ட்11, பிசிஎல்10, மால்ட்1 ஆகிய மூன்றும் ஒன்றுகூடும் இடத்துக்குப் போகும். கடைசியில் என்.எஃப். கப்பா பி என்ற புரதம் செல்லின் கருவுக்குள் நுழைந்து, சாவைத் தடுக்கும் மரபணுக்களையும் பெருக்கத்துக்கான மரபணுக்களையும் முடுக்கிவிடுகிறது. பக்கத்தில் பி.ஐ.3 கைனேஸ் என்று இன்னொரு பாதையும் உண்டு. செல்லின் உணவு, வளர்ச்சி, உயிர் எல்லாம் அதன் கையில். ராயேவ்ஸ்கி குழு 2009-ல் காட்டியது, ஏற்பியை இழந்து சாகப் போகும் பி செல்லைப் பி.ஐ.3 கைனேஸ் பாதையை மட்டும் முடுக்கிவிட்டே காப்பாற்றலாம் என்று.

சரி, லிம்போமா செல்லுக்கும் ஏற்பி வேண்டும் என்று எப்படித் தெரிந்தது? மருந்து வருவதற்கு ரொம்ப முன்பே ஒரு தடயம் இருந்தது. எனக்கு இந்த விஷயத்தில் ரொம்பப் பிடித்த பகுதி அது.

உங்கள் அப்பாவின் நோயையே எடுத்துக்கொள்ளுங்கள். மேன்டில் செல் லிம்போமாவில் 11-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு உடைந்து 14-ஆம் குரோமோசோமில் போய் ஒட்டிக்கொள்கிறது. அந்தத் துண்டில் சைக்ளின் டி1 என்ற மரபணு இருக்கிறது; செல்லைப் பிரியச் சொல்லும் மரபணு. அது போய் ஒட்டும் இடம் ஆன்டிபாடி மரபணு இருக்கும் இடம். பி செல்லில் அந்த இடம் ஓய்வில்லாமல் வேலை செய்யும், அதனால் சைக்ளின் டி1-ம் ஓயாமல் உற்பத்தியாகிறது. ஃபாலிகுலர் லிம்போமாவிலும் இதே கதைதான். அங்கே 18-ஆம் குரோமோசோமிலிருந்து பிசிஎல்2 என்ற சாவைத் தடுக்கும் மரபணு வந்து ஒட்டுகிறது.

நம்மிடம் 14-ஆம் குரோமோசோம் இரண்டு உண்டு. ஒரு பி செல் ஒன்றிலிருந்துதான் ஏற்பியைச் செய்யும், மற்றொன்று சும்மா கிடக்கும். உடைசல் எதில் விழுந்திருக்கிறது என்று பார்த்தால், சும்மா கிடக்கும் குரோமோசோமில்தான் விழுந்திருக்கிறது. ஏற்பியைச் செய்யும் குரோமோசோம் பத்திரமாக இருக்கிறது. விபத்து இரண்டில் எதில் வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். ஏற்பி இருந்த குரோமோசோம் உடைந்த செல்கள் ஏற்பியை இழந்து செத்துவிட்டன. தப்பிப் பிழைத்து கட்டியானவை ஏற்பியைக் காப்பாற்றிக்கொண்டவை. ஃபாலிகுலர் லிம்போமா செல்கள் வருடக்கணக்கில் தங்கள் ஆன்டிபாடி மரபணுவில் மாற்றங்களைச் சேர்த்துக்கொண்டே போகும். அப்படியும் ஏற்பியை முடக்கும் மாற்றம் நிலைப்பதில்லை.

ஹாட்ஜ்கின் லிம்போமா இதற்கு விலக்கு. அதன் செல்களும் பி செல்லிலிருந்து வந்தவைதான், ஆனால் ஏற்பியை இழந்தவை. விதி பொய்யா என்றால் இல்லை. ஏற்பி மரபணு முற்றிலும் முடங்கிப்போன ஹாட்ஜ்கின் செல்களில் பெரும்பாலும் எப்ஸ்டீன் பார் வைரஸ் குடியிருக்கும். அந்த வைரஸ் எல்.எம்.பி.2ஏ என்று ஒரு புரதத்தைச் செய்கிறது. சிடி79 வாலில் லின் பாஸ்பேட் வைக்கும் இடம் எப்படி இருக்குமோ, அதே மாதிரி ஓர் இடம் இந்த வைரஸ் புரதத்திலும் இருக்கிறது. சொந்த ஏற்பி போனதும் வைரஸின் போலி ஏற்பி அந்த வேலையைச் செய்கிறது.

இனி அந்தச் சிக்னல் எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்க்கலாம்.

சில லிம்போமாக்களில் வெளியிலிருந்து. இதற்கு இரைப்பையின் மால்ட் லிம்போமாவை விடத் தெளிவான உதாரணம் இல்லை. 1982-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் வாரன், மார்ஷல் என்ற இருவர் இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைக் கண்டார்கள். அந்தக் கிருமி வருடக்கணக்கில் தங்கிவிடும் இரைப்பையில், இயல்பாக இல்லாத பி செல் கூட்டம் வந்து குடியேறுகிறது. டி செல்கள் என்ற வேறு வகை நோய் எதிர்ப்புச் செல்கள் கிருமியை அடையாளம் கண்டு தூண்ட, பி செல்கள் பெருகுகின்றன. அந்தப் பி செல்களின் ஏற்பியோ பல நேரம் நம் உடம்பின் சொந்தப் பொருளையே பிடித்துக்கொள்கிறது. இரண்டு தூண்டுதலும் சேர்ந்து ஒரு நாள் லிம்போமாவாகிறது. 1993-ல் லண்டனில் ஆறு நோயாளிகளுக்குக் கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்தார்கள். ஐந்து பேருக்கு லிம்போமா மறைந்தது. கீமோ இல்லாமல், கதிர்வீச்சு இல்லாமல். புற்றுநோய் என்றால் தானாகத் தன் வழியில் போகும் ஒன்று என்று நம்பிய காலத்தில் இது பெரிய அதிர்ச்சி. இப்போது ஆரம்ப நிலையில் இருக்கும் இந்த நோய்க்கு முதல் சிகிச்சையே அதுதான். ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குப் பலிக்கிறது.

மலேசியாவில் இருக்கும் நாம் இதில் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். இந்தக் கிருமி இங்கே எல்லா இனத்தவரிடமும் ஒரே அளவில் இல்லை. கோலாலம்பூரில் மலாயா பல்கலைக்கழகத்திலும் மற்ற இடங்களிலும் செய்த ஆய்வுகளில், இந்தியர்களிடமும் சீனர்களிடமும் அதிகம், மலாய்க்காரர்களிடம் குறைவு என்று திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. கிளந்தானில் மிக மிகக் குறைவு. கிருமி இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு லிம்போமா வராது. ஆனாலும் நீண்ட நாள் வயிற்று எரிச்சலைக் காரம் சாப்பிட்டதால்தான் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. மூச்சைப் பரிசோதித்தே இந்தக் கிருமி இருக்கிறதா என்று கண்டுபிடித்துவிடலாம். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் சொல்லிச் செய்துகொள்வது நல்லது.

ஹெபடைட்டிஸ் சி-யிலும் இப்படி நடந்திருக்கிறது. மண்ணீரலில் ஒரு வகை லிம்போமாவும் ஹெபடைட்டிஸ் சி-யும் இருந்த 9 பேருக்கு வைரஸுக்கான சிகிச்சை மட்டும் கொடுத்ததில் 7 பேருக்கு லிம்போமா முழுதாக அடங்கியது என்று 2002-ல் பிரான்ஸ் மருத்துவர்கள் எழுதினார்கள். வைரஸ் இல்லாத நோயாளிகளுக்கு அதே மருந்து ஒன்றும் செய்யவில்லை. அன்றைக்கு இன்டர்ஃபெரான் ஊசி. இப்போது மாத்திரையே போதும். 2017-ல் மலேசிய அரசு சோஃபோஸ்புவிர் மாத்திரையை மலிவாகத் தருவிக்கச் சிறப்பு உரிமம் எடுத்தது பலருக்கு நினைவிருக்கலாம்.

வேறு சில லிம்போமாக்களில் தூண்டுவது கிருமி இல்லை, உடம்பின் சொந்தப் பொருள். நாட்பட்ட லிம்போசைட் லுகேமியாவில் ஏற்பி பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஏற்பியையே பிடித்துக்கொள்ளும் என்று 2012-ல் கண்டார்கள். ஃபாலிகுலர் லிம்போமாவில் பெரும்பாலும் ஏற்பியின் நுனியில் புதிதாக ஒரு சர்க்கரைச் சங்கிலி ஒட்டிக்கொள்கிறது. சுற்றியுள்ள செல்கள் அந்தச் சர்க்கரையைப் பிடித்து ஏற்பியைத் தூண்டிக்கொண்டிருக்கும். பர்கிட் லிம்போமா எதையும் பிடிப்பதில்லை, சும்மா இருக்கும்போது வரும் அந்த மெல்லிய சிக்னலையே பெரிதாக்கிப் பி.ஐ.3 கைனேஸ் பாதையில் ஓட்டுகிறது.

இப்போது காத்திருப்பு அறையில் பேசிய அந்த இன்னொருவரின் விஷயம். அவருக்கு என்ன வகை என்று நீங்கள் எழுதவில்லை. பி செல் லிம்போமாக்களில் அதிகம் காணப்படுவது பரவலான பெரிய பி செல் லிம்போமா. அது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

நுண்ணோக்கியில் ஒன்றாகத் தெரியும் இந்த நோய் உள்ளே இரண்டு நோய் என்று 2000-ல் தெரிந்தது. எந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று ஒட்டுமொத்தமாக அளந்து பார்த்தபோது, ஒரு கூட்டம் நிணநீர் முடிச்சின் முளை மையத்தில் இருக்கும் பி செல்லைப் போலவும், மற்றொரு கூட்டம் தூண்டப்பட்ட பி செல்லைப் போலவும் இருந்தது. இரண்டாவது வகைக்குக் குணமாகும் வாய்ப்பு குறைவு. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் லூயி ஸ்டாட்டின் குழு இந்த இரண்டாவது வகைச் செல்களை எடுத்து, மரபணுக்களை ஒவ்வொன்றாக அணைத்து, எதை அணைத்தால் செல் சாகிறது என்று பார்த்தது. பி.டி.கே.-வை அணைத்தால் செத்தன. சிடி79-ஐ அணைத்தாலும் செத்தன. முதல் வகைச் செல்களுக்கோ பி.டி.கே. போனாலும் கவலை இல்லை.

2010-ல் அதே குழு காரணத்தையும் காட்டியது. இரண்டாவது வகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சிடி79-ல் பிறழ்வு. இந்தப் பிறழ்வு தானாகச் சிக்னலை உருவாக்குவதில்லை. சாதாரணமாகச் சிக்னல் அதிகமானால் செல் தன் ஏற்பியை உள்ளே இழுத்துக்கொள்ளும், லின் நொதியும் சிக்னலைத் தணிக்கும். பிறழ்வு இந்த இரண்டு தடுப்பையும் பலவீனமாக்குகிறது. அதனால் ஏற்பி மேலேயே நிற்கிறது, சொந்த உடம்பின் பொருளைப் பிடித்தபடி ஓயாமல் சிக்னல் அனுப்புகிறது. இன்னொரு பக்கம் ஏறக்குறைய 29 சதவீதம் பேருக்கு மைடி88 என்ற புரதத்தில் ஒரே ஓர் எழுத்து மாற்றம். அது கிருமியின் டி.என்.ஏ.-வை உணரும் வேறொரு ஏற்பியின் உதவிப் புரதம். 2018-ல் பார்த்தபோது, சில செல்களில் இந்த இரண்டு ஏற்பிகளும் உள்ளே ஒன்றாக ஒட்டிக் கூட்டாக வேலை செய்தன.

இந்த மாத்திரைகளில் முதலாவதான இப்ரூட்டினிப், திரும்பி வந்த பெரிய பி செல் லிம்போமாவில் எப்படி வேலை செய்தது என்று 2015-ல் எண்ணிக்கை வந்தது. இரண்டாவது வகையில் 38 பேரில் 14 பேருக்குக் கட்டி குறைந்தது, 37 சதவீதம். முதல் வகையில் 20 பேரில் ஒருவருக்கு மட்டும். இரண்டாவது வகையிலேயே கார்ட்11-ல் பிறழ்வு இருந்தவர்களுக்குப் பலிக்கவில்லை.

ஏன் என்பதற்கு நம் ரயில் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். பாடாங் பெசாரிலிருந்து ஈ.டி.எஸ். ரயில் அலோர் ஸ்டார், சுங்கைப் பட்டாணி, புக்கிட் மெர்தாஜாம், தைப்பிங், ஈப்போ என்று வந்து கோலாலம்பூர் சென்ட்ரலில் சேர்கிறது. தைப்பிங்கில் பாதையை அடைத்தால் வடக்கிலிருந்து வருபவர் யாரும் போய்ச் சேர முடியாது. ஈப்போவில் ஏறுபவருக்கு அந்த அடைப்பு ஒரு பொருட்டே இல்லை. பி.டி.கே. மாத்திரை தைப்பிங்கில் போடும் அடைப்பு. சிடி79-ல் தொடங்கும் சிக்னல் அதற்கு வடக்கே ஏறியது, அதனால் நின்றுவிடும். கார்ட்11-ல் பிறழ்வு என்றால் சிக்னல் ஈப்போவிலேயே ஏறிவிட்டது. இரைப்பை லிம்போமாவில் ஆன்டிபயாட்டிக் பலிக்காத பலரிடம் 11-ஆம், 18-ஆம் குரோமோசோம்கள் கலந்து மால்ட்1 புரதம் இன்னொன்றோடு ஒட்டிப்போயிருக்கும். அதுவும் ஈப்போவுக்குக் கீழே ஏறும் கதைதான். கிருமியை விரட்டினாலும் அதற்குக் கவலை இல்லை. முளை மைய வகையோ பெரும்பாலும் இந்தப் பாதையையே நம்பி இல்லை.

அதனால் அந்த நண்பருக்கு மாத்திரை இல்லை என்று டாக்டர் சொன்னது கைவிட்டுவிட்டது போல ஆகாது. அவர் நோயில் அந்த இடத்தை அடைப்பதால் லாபம் இல்லை, அவ்வளவுதான். இரண்டாவது வகையிலும் வழக்கமான ஆர்-சாப் கீமோவோடு இப்ரூட்டினிப்பைச் சேர்த்துப் பார்த்த பெரிய ஆய்வு மொத்தத்தில் வெற்றி பெறவில்லை. 60 வயதுக்குக் கீழே இருந்தவர்களுக்குப் பயன் தெரிந்தது. அதற்கு மேற்பட்டவர்களுக்குப் பக்க விளைவு அதிகமாகி, கீமோவையே முழுதாக முடிக்க முடியாமல் போனது. ஏற்பியை வேறு விதமாகப் பயன்படுத்தும் மருந்தும் வந்திருக்கிறது. பொலாட்டுசுமாப் வெடோட்டின் சிடி79பி-யைப் பிடித்து, செல் அதை உள்ளே இழுக்கும்போது கூடவே விஷத்தையும் உள்ளே கொண்டுபோகிறது. 2022-ல் வந்த ஆய்வில் இரண்டு வருடத்தில் நோய் முற்றாமல் இருந்தவர்கள் 76.7 சதவீதம், பழைய சிகிச்சையில் 70.2 சதவீதம்.

பி.டி.கே.-வை ஏன் குறி வைத்தார்கள் என்பதற்குப் பின்னால் ஒரு சிறுவன் இருக்கிறான். 1952-ல் ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் திரும்பத் திரும்பக் கடுமையான தொற்று வந்த எட்டு வயதுப் பையனைப் பார்த்தார். அவன் ரத்தத்தில் ஆன்டிபாடி இருக்க வேண்டிய பகுதியே இல்லை. வெளியிலிருந்து ஆன்டிபாடி ஊசி போட்டதும் தொற்று நின்றது. 1993-ல்தான் அந்த நோய்க்குக் காரணமான மரபணு கிடைத்தது, அதுதான் பி.டி.கே., அதன் முதல் எழுத்து புரூட்டனைக் குறிக்கிறது. இந்த மரபணு பழுதான பையன்களுக்குப் பி செல் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் இதயம், மூளை, கல்லீரல் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஒரு நொதியை வாழ்நாள் முழுக்க அணைத்தால் என்ன ஆகும் என்று இயற்கையே செய்துகாட்டிய சோதனை இது. பி.டி.கே.-வை மட்டும் தடுக்கும் மருந்து கிடைத்தால் முக்கியமாகப் பி செல்லைத்தான் தாக்கும் என்ற துணிவு அங்கிருந்து வந்தது. இப்ரூட்டினிப் பி.டி.கே.-வின் 481-ஆம் இடத்தில் இருக்கும் சிஸ்டீனோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்கிறது. 2013-ல் வந்த மேன்டில் செல் ஆய்வில், முந்தைய சிகிச்சைகளைத் தாண்டி நோய் திரும்பிய 111 பேரில் 68 சதவீதம் பேருக்குப் பலித்தது. அதன் பிறகு வந்த அகலாப்ரூட்டினிப், சானுப்ரூட்டினிப் இரண்டும் அதே இடத்தில்தான் ஒட்டும், ஆனால் மற்ற நொதிகளை அதிகம் தொந்தரவு செய்வதில்லை.

இப்போது அப்பாவின் லிம்போசைட் எண்ணிக்கைக்கு வரலாம். பி.டி.கே. உயிர் காக்கும் பாதையில் மட்டும் இல்லை. நிணநீர் முடிச்சுக்குள் பி செல் தங்குவதற்கு வேண்டிய ஈர்ப்பு ஏற்பிகளும் ஒட்டுப் புரதங்களும் வேலை செய்வதற்கும் பி.டி.கே. வேண்டும். லிம்போமா செல்லுக்கு முடிச்சுதான் வசதியான இடம். தூண்டும் பொருளும் அங்கே, துணைச் செல்களும் அங்கே, ஏற்பி சிக்னல் அதிகம் ஓடுவதும் அங்கே. மாத்திரை உள்ளே போனதும் பிடிப்பு தளர்ந்து செல்கள் முடிச்சிலிருந்து ரத்தத்துக்குள் கொட்டுகின்றன. அதனால்தான் கட்டி சுருங்குகிறது, ரத்தத்தில் எண்ணிக்கை ஏறுகிறது. வெளியே வந்த செல்லுக்கு முடிச்சில் கிடைத்த ஆதரவு கிடைப்பதில்லை, மெல்ல மெல்லச் சாகும். சிலருக்கு இந்த எண்ணிக்கை இறங்க வாரக்கணக்கில் ஆகும், சிலருக்கு மாதக்கணக்கில். கட்டியும் சேர்ந்து பெரிதானாலோ, காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு வந்தாலோ அது வேறு விஷயம்; உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மருந்து நாளடைவில் பலிக்காமல் போகலாம் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். குறிப்பாக நாட்பட்ட லிம்போசைட் லுகேமியாவில் 2014-ல் இரண்டு வழிகளைக் கண்டார்கள். ஒன்று, 481-ஆம் இடத்துச் சிஸ்டீன் செரீனாக மாறிவிடுவது. மருந்து ஒட்ட இடமில்லை. மற்றொன்று, அடுத்த படியான பி.எல்.சி. காமா 2-ல் பிறழ்வு. மேன்டில் செல்லில் இந்த இரண்டும் குறைவு. வேறு உயிர் காக்கும் பாதைகளுக்கு மாறிக்கொள்வது அதிகம். 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிர்டோப்ரூட்டினிப் அந்தச் சிஸ்டீனை நம்பாமல் பி.டி.கே.-வைப் பிடிக்கிறது, அதனால் முதல் மாத்திரை தோற்ற பலருக்கும் உதவியது. வெனட்டோகிளாக்ஸ் என்ற மாத்திரையோ சிக்னலைத் தொடாமல், பாதையின் கடைசியில் இருக்கும் பிசிஎல்2-ஐத் தடுக்கிறது. அடுத்த சந்திப்பில் "இந்த மாத்திரை பலிக்காமல் போனால் நம் கையில் அடுத்து என்ன இருக்கிறது?" என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. விலை பற்றியும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ரத்தத் தட்டுக்களுக்கும் பி.டி.கே. வேண்டும், அதனால் லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போகலாம், ரத்தம் நிற்கத் தாமதமாகலாம். பல் பிடுங்குவதென்றாலும் முன்கூட்டியே ரத்தநோய் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மீன் எண்ணெய் மாத்திரை, ரத்தத்தை இளக்கும் மருந்து, ஊரில் யாரோ கொடுத்த லேகியம் எதுவானாலும் அவருக்குத் தெரியாமல் வேண்டாம். நெஞ்சு படபடப்பு, நாடித் துடிப்பு தாறுமாறாக ஓடுவது இரண்டையும் அலட்சியம் செய்யக்கூடாது. முக்கியமாக இப்ரூட்டினிப்பில் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவது தெரிந்த பக்க விளைவு.

அப்புறம் பழம். கல்லீரலிலும் குடலிலும் இந்த மருந்தைச் சிதைக்கும் நொதியைக் கிரேப்ஃப்ரூட் தடுத்துவிடும். ரத்தத்தில் மருந்து அளவுக்கு மேல் ஏறிவிடும். மருந்துச் சீட்டில் கிரேப்ஃப்ரூட் என்று போட்டிருப்பதைப் பார்த்து, நாம் அதைச் சாப்பிடுவதே இல்லையே என்று விட்டுவிடக்கூடாது. லிமாவ் பாலி என்று தம்புனில் வண்டியை நிறுத்தி வாங்கி வருகிறோமே, அந்தப் பம்பளிமாஸ் அதற்கு நெருங்கிய உறவு. அதிலும் அதே வகைப் பொருள் உண்டு. சீனப் புத்தாண்டு சமயத்தில் யாராவது வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தால் மற்றவர்கள் சாப்பிடட்டும், அப்பாவுக்கு வேண்டாம். வயிற்றுக் கிருமிக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகளும் இதே வேலையைச் செய்யும். வேறு கிளினிக்குக்குப் போகும்போது அப்பா விழுங்கும் மாத்திரையின் பெயரை மறக்காமல் காட்டுங்கள்.

மாத்திரையைத் தானாக நிறுத்தவே வேண்டாம். மேன்டில் செல்லில் அடைப்பு நீங்கியதும் நோய் வேகமாகத் திரும்பலாம். தினம் ஒரு வேளை என்று எழுதியிருந்து, விழுங்க மறந்துவிட்டால், அன்றைக்கே நினைவு வந்ததும் விழுங்கலாம். மறுநாள்தான் நினைவு வந்தால் வழக்கமான ஒரு வேளை மட்டும், இரண்டு நாளுக்கானதைச் சேர்த்து விழுங்கக்கூடாது.